துடுப்பு யார் கையில்?

ஆங்கிலேயருடைய ஓவியங்களில் நதிகளுக்கென்று ஒரு தனிச் சுபாவம் உண்டு. அந்த நதிகள் பொங்குவதில்லை; கரையை உடைப்பதில்லை; ஊரை அடித்துக்கொண்டு போவதில்லை. மரங்களின் நிழலைச் சுமந்துகொண்டு, மாலையில் உலாவப் புறப்பட்ட பெரிய மனிதரைப் போல, மெள்ள மெள்ள நடந்து போகின்றன. கரையிலே பசுக்கள் நின்று தண்ணீர் குடிக்கின்றன. தூரத்திலே ஒரு மாதா கோவிலின் கோபுரம் தெரிகிறது. நடுவிலே ஒரு படகு. படகிலே வெள்ளை உடை தரித்த சீமாட்டி ஒருத்தி குடையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறாள். இவ்வளவையும் பார்க்கும்போது நம்முடைய மனமும் அந்த நீரோடு சேர்ந்து மிதக்கத் தொடங்கிவிடுகிறது. உலகத்தில் அவசரம் என்று ஒன்று இருப்பதே மறந்து போகிறது.

இந்தச் சுகத்தைக் குறை கூற நாம் வரவில்லை. சித்திரம் பார்க்கிறவனுக்கு முதன்முதலில் கிட்ட வேண்டியது ஆனந்தம். அது கிட்டாத இடத்தில் ஆராய்ச்சி செய்வது, பசிக்காதவன் சமையலைப் பற்றிப் பிரசங்கம் செய்வது போலத்தான். ஆயினும், நெஞ்சாரப் பார்த்து மகிழ்ந்த பிறகு ஒரு சிறு கேள்வி தலை தூக்குகிறது. சீமாட்டி படகில் சாய்ந்திருக்கிறாளே, துடுப்புப் போடுகிறவன் யார்? அவளுக்கு அன்று ஓய்வு நாள்; அவனுக்கும் அன்று ஓய்வு நாள்தானா?

இந்த ஒரு கேள்வியைக் கையில் விளக்காகப் பிடித்துக்கொண்டு ஆங்கில நதிச் சித்திரங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், இருநூறு வருஷத்துச் சமூக சரித்திரம் நம் கண் முன்னே விரிகிறது. அரசர்களின் சரித்திரத்தில் காணக் கிடைக்காத பல விஷயங்கள் அதில் கிடைக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொடங்குவோம். 1750-ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரையில், லண்டன் நகரத்துக்குள்ளே தேம்ஸ் நதியைக் கடப்பதற்கு ஒரே ஒரு பழைய பாலந்தான் இருந்தது. ஆகையால் நதியே அந்நாளில் நகரத்தின் ராஜபாட்டை. ஆயிரக்கணக்கான படகோட்டிகள் அதிலே பிழைத்தார்கள். நாடக நடிகரான தாமஸ் டாகெட் என்பவர் 1715-ல் இளம் படகோட்டிகளுக்காக ஒரு பந்தயத்தை ஏற்படுத்தினார். லண்டன் பாலத்திலிருந்து செல்ஸி வரையில் தனியாகத் துடுப்புப் போட்டு முதலில் வருகிறவனுக்கு ஓர் அங்கியும் ஒரு வெள்ளிப் பதக்கமும் பரிசு. அந்தப் பந்தயம் இன்றும் நடந்து வருகிறது. கூலிக்குத் துடுப்புப் போட்ட மனிதனுக்கு அவன் தொழிலின் பெயரால் கௌரவம் செய்த பந்தயம் அது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேறொரு பந்தயத்தைப் பற்றிச் சொல்லும்போது இது உதவும்.

1746-ல் வெனிஸ் நகரத்து ஓவியர் கானலெட்டோ இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். மறு வருஷம் அவர் தீட்டிய தேம்ஸ் காட்சி ஒன்று மிகப் பிரசித்தமானது. செயிண்ட் பால் கோவிலின் பெரிய கும்மட்டம் தூரத்தில் விளங்க, அகன்ற நதி பளபளவென்று மின்ன, அதன்மேல் படகுகள் பூச்சிதறியதுபோல் காணப்படுகின்றன. இந்தக் காட்சி எங்கிருந்து பார்த்துத் தீட்டப்பட்டது? ரிச்மண்ட் பிரபுவின் மாளிகை மாடி ஜன்னலிலிருந்து. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நதியும் நகரமும் வானமும் எல்லாம் பிரபுவின் தோட்டத்தைச் சேர்ந்தவை போலவே தோன்றும். துடுப்புப் போடுகிறவர்கள் எள்ளத்தனை உருவங்கள். அவர்கள் கைகளில் காய்த்துப் போயிருந்த தழும்புகள் அவ்வளவு உயரத்துக்குத் தெரியமாட்டா.

பிறகு ஸோஃபனி என்ற ஓவியர். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பெயர் பெற்றவர். 1783-ல் நம் நாட்டுக்கும் வந்து கல்கத்தாவிலும் லட்சுமணபுரியிலும் சில வருஷங்கள் தங்கிச் சித்திரம் தீட்டியவர். இங்கே வருவதற்கு முன், 1779 முதல் 1781 வரையில், 'ஷார்ப் குடும்பம்' என்ற சித்திரத்தை அவர் தீட்டினார். ஷார்ப் சகோதர சகோதரிகள் சங்கீதப் பித்தர்கள். 'அப்பாலோ' என்று பெயரிட்ட சொந்தப் படகில் வாத்தியங்களுடன் ஏறிக்கொண்டு தேம்ஸ் நதியின்மேல் கச்சேரி நடத்துவது அவர்கள் வழக்கம். சித்திரத்தில் குடும்பம் முழுவதும் படகின்மேல் கூடியிருக்கிறது. பட்டாடைகள், வாத்தியங்கள், குழந்தைகள், ஒரு நாய், பின்னால் ஃபுல்ஹாம் ஊரின் கோவில் - பார்க்கப் பார்க்க அலுப்பதில்லை.

இந்தக் குடும்பத்தில் ஒருவர் கிரான்வில் ஷார்ப். அடிமை வியாபாரத்தை எதிர்த்து முதன்முதலில் சட்டத்தின் மூலம் போராடிய மகான். ஜேம்ஸ் ஸாமர்ஸெட் என்ற நீக்ரோ அடிமையைப் பலவந்தமாக இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றி அனுப்பக்கூடாது என்று 1772-ல் தீர்ப்புக் கிடைத்ததற்கு அவருடைய உழைப்பு முக்கிய காரணம். ஓய்வு உள்ள மனிதன் அந்த ஓய்வை என்ன செய்யலாம் என்பதற்கு அவர் ஒரு நல்ல உதாரணம். சட்டப் புத்தகங்களைத் தாமே படித்துக் கரைகண்டார். சாயங்காலத்தில் சங்கீதமும் வாசித்தார். ஓய்வு என்றாலே அது குற்றம் என்று நாம் சொல்லவில்லை என்பதற்காகவே இவரை இங்கே குறிப்பிடுகிறோம். ஆனால் இப்படிப்பட்ட ஓய்வு அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதுதான் கேள்வி.

இனி ஜான் கான்ஸ்டபிளிடம் வருவோம். அவர் 1776-ல் ஸஃபோக் ஜில்லாவில், ஸ்டூர் நதிக்கு அருகிலுள்ள கிழக்கு பெர்கோல்ட் என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனாருக்கு ஃப்ளாட்ஃபர்ட், டெடம் என்ற இடங்களில் நீரால் ஓடும் மாவு மில்கள் இருந்தன. நதியிலே சரக்குத் தோணிகளும் ஓடின. கான்ஸ்டபிள் தீட்டிய நதி அவர் குடும்பத்துக்குச் சோறு போட்ட நதி. பிரபுவின் ஜன்னலிலிருந்து கீழே நோக்காமல், தோணித்துறையில் நின்று அவர் அதைப் பார்த்தார். ஆகவே அவருடைய நதியில் எல்லாரும் ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். தோணியைக் கழியால் தள்ளுகிறார்கள், குதிரையை அவிழ்க்கிறார்கள், 'லாக்' என்று சொல்லும் பூட்டு மதகைத் திறக்கிறார்கள். 1825-ல் தீட்டிய 'தாவும் குதிரை' என்ற சித்திரத்தைப் பார்த்தால் அந்த வேலையின் நுட்பங்கூடத் தெரியும். ஸ்டூர் நதிக்கரைப் பாதையில் மாடுகள் வழி தவறாமலிருக்கக் குறுக்கே கட்டைகள் போட்டிருந்தார்கள். தோணி இழுக்கும் குதிரைகளுக்கு அக்கட்டைகளைத் தாண்டுவதற்குப் பழக்கம் கொடுத்திருந்தார்கள். கனத்த உடலுடன் அந்தக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கும்போது, உழைப்பும் ஒரு வீரச் செயல்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் அவருடைய சித்திரங்களில் உலகமெல்லாம் அறிந்தது 1821-ல் வைத்த ஒன்று. அதை 'வைக்கோல் வண்டி' என்று சொல்வது வழக்கம். உண்மையில் அது வைக்கோல் அல்ல. உலர்ந்த புல் ஏற்றப் போகும் காலி வண்டி. கான்ஸ்டபிள் தாம் அதற்கு இட்ட பெயர் 'நிலக்காட்சி: நண்பகல்' என்பது. தேசியச் சித்திரசாலையில் இந்தப் படத்தின் முன் நாம் நின்றபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சித்திரம் ஆறடி அகலம். சிறு வயது முதல் பிஸ்கோத்து டப்பாக்களிலும் காலண்டர்களிலும் நாம் பார்த்துப் பழகியதோ உள்ளங்கை அகலம். டப்பாவில் தெரிவது வண்டி, குதிரைகள், வீடு, நாய், நீர், மேகம். ஆறடிச் சித்திரத்தில் இன்னும் சில தெரிகின்றன. வீட்டுப் படித்துறையில் ஒரு பெண் குனிந்து வேலையாக இருக்கிறாள். வலப்பக்கத்துப் புதரோரம் ஒருவன் படகருகில் நிற்கிறான். அப்பால், வெகு தூரத்தில், வெயில் விழும் புல்வெளியிலே வெள்ளைப் புள்ளிகள் சில இருக்கின்றன. அருகே போய் உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் மனிதர்கள்! அரிவாளும் கையுமாகப் புல் அறுக்கும் கூலியாட்கள். படத்தின் பெயருக்கே காரணமானவர்கள் அவர்கள். படத்தைச் சிறியதாக்கினால் முதலில் மறைந்து போகிறவர்களும் அவர்களே.

அந்தப் புள்ளிகளின் கதை என்ன? 1815-ல் நெப்போலியனுடன் நடந்த யுத்தம் முடிந்த பின்பு இங்கிலாந்தின் கிராமங்களில் வேலை குறைந்தது, கூலி விழுந்தது. இந்தச் சித்திரம் காட்சிக்கு வந்த மறு வருஷம், 1822-ல், ஸஃபோக்கிலும் பக்கத்து நார்ஃபோக்கிலும் பண்ணையாட்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். குளிர்காலத்தில் தங்களுக்கிருந்த ஒரே வேலையை அந்த இயந்திரங்கள் பறித்துக்கொண்டதுதான் காரணம். கான்ஸ்டபிள் இந்தப் பெரிய சித்திரத்தை வரைந்தது லண்டனிலே, தம் சித்திரக் கூடத்திலே. அவர் மனத்தில் நின்றது தம்முடைய பால்யத்து ஊர். அந்த ஊரில் அமைதி நிலவியது. உண்மை ஊரில் நெருப்புப் புகைந்தது. இதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது. இழந்ததை நினைத்து வரைவது கலைஞனின் உரிமை. ஆனால் அந்தச் சித்திரத்தைக் காட்டி, 'அந்தக் காலத்துக் கிராம வாழ்வு இப்படித்தான் இருந்தது' என்று யாராவது சொன்னால், புல்வெளியிலுள்ள வெள்ளைப் புள்ளிகளைக் கேட்டுவிட்டுச் சொல்லும்படி நாம் பதில் கூறலாம்.

கான்ஸ்டபிளின் சித்திரங்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்த கதியும் கவனிக்கத் தக்கது. 'வைக்கோல் வண்டி' 1824-ல் பாரிஸ் நகரில் தங்கப் பதக்கம் பெற்றது. 1886-ல் தேசியச் சித்திரசாலைக்கு நன்கொடையாக வந்தது. ஆனால் வாரத்தில் ஆறு நாளும் உழைக்கும் தொழிலாளி அதைப் பார்த்திருக்க முடியாது. ஏனெனில் 1896 வரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேசியச் சித்திரசாலையின் கதவு மூடியே கிடந்தது! நாட்டு மக்களின் சொத்து என்று பெயர். மக்களுக்கு ஒழிந்த ஒரே நாளில் பூட்டு. கடவுளின் நாளில் சித்திரம் பார்ப்பது தகாது என்று பக்திமான்கள் வாதாடினார்கள். அந்தப் பக்திமான்களுக்குச் சித்திரம் பார்க்க மற்ற ஆறு நாட்களும் ஒழிவாக இருந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கான்ஸ்டபிளின் மற்றொரு நதிச் சித்திரமாகிய 'லாக்', 2012-ல் லண்டன் ஏலத்தில் 2 கோடியே 24 லட்சம் பவுனுக்கு விலை போயிற்று. அதில் உடல் வளைத்து மதகைத் திறந்துகொண்டு நிற்கிறவன் சாதாரணத் தொழிலாளி.

இப்போது ரயில் வருகிறது. லண்டனில் க்ஷவரத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, உலகம் போற்றும் ஓவியரான டர்னர், 1844-ல் 'மழை, நீராவி, வேகம்' என்ற சித்திரத்தை வைத்தார். மெய்டன்ஹெட் என்னும் இடத்தில் தேம்ஸ் நதிமேல் கட்டிய புதிய பாலத்தில் புகைவண்டி ஒன்று மழையைக் கிழித்துக்கொண்டு நம்மை நோக்கிப் பாய்கிறது. இடப்புறத்தில், வெகு கீழே, பழைய நதியில் ஒரு சிறு படகு அசையாமல் நிற்கிறது. வலப்புறத்தில் ஒரு விவசாயி ஏர் உழுகிறான். வண்டிக்கு முன்னால் ஒரு முயல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. பழைய ஓய்வு, பழைய உழைப்பு, புதிய வேகம் மூன்றும் ஒரே துணியில்.

அதே ரயில் பாதையில், ஸானிங் என்னும் இடத்தில், 1841-ஆம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி ஒரு விபத்து நடந்தது. கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஏழைத் தொழிலாளிகள் மேற்கூரையில்லாத திறந்த வண்டிகளில், சரக்கு வண்டிகளுக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். மண் சரிவில் வண்டி மோதியபோது அவர்களில் பலர் மாண்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளுக்கும் மேற்கூரை வேண்டும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக்கூடாது என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது 1844-ல்; டர்னரின் சித்திரம் வெளிவந்த அதே வருஷத்தில். மூன்றாம் வகுப்பு வண்டியைப் பற்றி நம் நாட்டவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காந்தி மகாத்மா அதைப் பற்றிப் பேசியும் எழுதியும் நமக்கு நன்றாய்த் தெரியும்.

அந்த ரயில்தான் தேம்ஸ் நதியின் ஓய்வைப் பிரபுக்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக் குமாஸ்தாக்களிடம் கொடுத்தது. 1850-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் துணி ஆலைகளில் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வேலை நிறுத்த வேண்டியதாயிற்று. 1871-ல் பாங்கு விடுமுறைச் சட்டம் வந்தது. 1885-ல் டெடிங்டனுக்கு மேலுள்ள தேம்ஸ் நதியைப் பொதுமக்களின் உல்லாசத்துக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று தனியாகவே ஒரு சட்டம் ஏற்பட்டது. கடைச் சிப்பந்தியும் கணக்கெழுதுகிறவனும் வைக்கோல் தொப்பி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி, வாடகைப் படகில் துடுப்புப் போட வந்துவிட்டார்கள். வந்தவர்களைக் கண்டு பழைய கனவான்கள் முகம் சுளித்தார்கள். நதி கெட்டுப்போயிற்று என்று புலம்பினார்கள். நதியின் தண்ணீர் என்னவோ பழைய தண்ணீர்தான்!

இந்தக் கூட்டத்தைச் சித்திரமாகத் தீட்டியவர் எட்வர்ட் ஜான் கிரெகரி. சித்திரத்தின் பெயர் 'போல்ட்டர் லாக், ஞாயிறு பிற்பகல்'. மெய்டன்ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ள பூட்டு மதகு அது. 1882-ல் ஆரம்பித்து 1897-ல் காட்சிக்கு வைத்தார். ஒரு ஞாயிறு பிற்பகலைத் தீட்ட அவருக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது! மதகு திறக்கும் சமயம். படகோடு படகு மோதுகிறது. துடுப்போடு துடுப்பு சிக்குகிறது. வைக்கோல் தொப்பிகளும் வர்ணக் குடைகளும் நெருக்கியடிக்கின்றன. யார் பிரபு, யார் குமாஸ்தா என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. பூட்டு மதகின் தன்மை அப்படி. உள்ளே வந்தவர்கள் எல்லாரையும் ஒரே சமமாக உயர்த்தும், ஒரே சமமாக இறக்கும். வெளியே போன பிறகுதான் வித்தியாசம்.

இந்தச் சித்திரம் இப்போது இருக்கும் இடம் மிகவும் விசித்திரமானது. லிவர்பூலுக்கு அருகில் போர்ட் ஸன்லைட் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆம், ஸன்லைட் சோப்பின் ஊர்தான். வில்லியம் லீவர் என்ற சோப்பு முதலாளி 1888-ல் தம் தொழிலாளிகளுக்காகக் கட்டத் தொடங்கிய அழகிய குடியிருப்பு அது. அவர் தம் மனைவியின் ஞாபகமாக அங்கே ஏற்படுத்திய சித்திரசாலை 1922-ல் திறக்கப்பட்டது. போல்ட்டர் லாக் அங்கேதான் தொங்குகிறது. ஸன்லைட் சோப்புக் கட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியதும் அதே 1888-ல்தான். ஆகவே, நம் நாட்டுப் பெண்மணிகள் துணி துவைக்கக் கொடுத்த காசில் ஒரு சிறு துளியாவது அந்தச் சித்திரசாலைச் சுவரில் சேர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்து நாம் ஆறுதல் அடையலாம்!

லீவர் பிரபு சாமானிய மனிதர் அல்லர். தொழிலாளிக்கு ஆறு மணி நேர வேலை போதும் என்று 1918-ல் ஒரு புத்தகமே வெளியிட்டவர். ஆனால் சோப்புக்கு எண்ணெய் வேண்டும். அதற்காக அவருடைய கம்பெனி 1911-ல் பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த காங்கோ நாட்டில் பனைவித்துக் காடுகளைப் பெரும் அளவில் பெற்றுக்கொண்டது. அங்கே கறுப்பு மனிதர்களிடம் கட்டாய வேலை வாங்கப்பட்டதைப் பிற்காலத்துச் சரித்திர ஆசிரியர்கள் விவரமாக எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்துத் தொழிலாளிக்கு ஆறு மணி நேரம் என்று கணக்கிட்ட கடிகாரம் காங்கோவில் வேறு விதமாக ஓடியது. ஓய்வைப் பற்றி உபதேசிப்பவரின் சோப்புக் கட்டியைத் திருப்பிப் பார்த்தால், அதன் அடியில் இன்னொருவனின் வியர்வை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பந்தயத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம் அல்லவா? தேம்ஸ் கரையில் ஹென்லி என்னும் ஊரில் 1839 முதல் படகுப் பந்தயம் நடந்து வருகிறது. அங்கே 1879-ல் ஒரு விதி எழுதினார்கள். கூலிக்காகக் கைத்தொழில் செய்கிறவனோ, செய்திருந்தவனோ, உடலுழைப்பாளியோ அதில் கலந்துகொள்ள முடியாது. துடுப்புப் போடுவதற்குக் கைகள் வேண்டும். ஆனால் அந்தக் கைகள் அதற்குமுன் வேலை செய்திருக்கக்கூடாது! அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் கெல்லி கொத்தனார் வேலை செய்தவர். 1920-ல் அவர் ஹென்லிக்கு மனுச் செய்தபோது மறுத்துவிட்டார்கள். அவருடைய சங்கத்தின்மேல் இருந்த பழைய தடை ஒரு காரணம். கையால் உழைத்தவர் என்பது மற்றொரு காரணம். அதே வருஷம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் பந்தயத்தில் அவர் தங்கப் பதக்கம் பெற்றார். தோற்றவர், ஹென்லியில் அவ்வருஷம் வென்றவர்! 1936-ல் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழுவினர் எட்டுப் பேரைப் போலீஸ்காரர்கள் என்ற காரணத்துக்காக ஒதுக்கியபோது பெரும் பரிகாசம் எழுந்தது. அடுத்த வருஷம் அந்த விதி நீங்கிற்று. 1947-ல் கெல்லியின் மகன் அதே ஹென்லியில் வந்து, தகப்பனாருக்கு மறுக்கப்பட்ட பரிசை வென்றுகொண்டு போனான். நம் நாடு விடுதலை பெற்ற அதே வருஷம் என்பதை நினைக்கும்போது நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே மகிழ்ச்சி உண்டாகிறது.

படகோட்டியே சித்திரம் தீட்ட முற்பட்டால் என்ன ஆகும்? அப்படியும் ஒருவர் இருந்தார். செல்ஸியில் படகு கட்டும் தொழில் செய்த கிரீவ்ஸ் என்பவருடைய மகன் வால்ட்டர் கிரீவ்ஸ், 1846-ல் பிறந்தவர். தகப்பனார் டர்னரைப் படகில் ஏற்றிச் சென்றவர்; மகன்கள் வால்ட்டரும் ஹென்றியும் விஸ்லர் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியருக்குப் படகோட்டினார்கள். இராக்காலத்துத் தேம்ஸ் நதியை விஸ்லர் நீலமும் பொன்னுமாகத் தீட்டிப் பெயர் பெற்றார் அல்லவா? அந்த இரவுகளில் துடுப்பு இந்தச் சகோதரர்கள் கையில் இருந்தது. விஸ்லரிடம் அவர்கள் சித்திரம் கற்றார்கள். அவர்களிடம் விஸ்லர் துடுப்புப் போடக் கற்றார். அவர்கள் அவருக்குச் சட்டம் தயாரித்தார்கள், வர்ணம் கலந்தார்கள். பிறகு பெரிய மனிதர்களின் சகவாசம் வந்ததும் விஸ்லர் அவர்களை விட்டு விலகிவிட்டார்.

வால்ட்டர் இளம் பிராயத்தில் தீட்டிய 'படகுப் பந்தய நாளில் ஹாமர்ஸ்மித் பாலம்' என்ற சித்திரம் இப்போது டேட் சித்திரசாலையில் இருக்கிறது. பார்த்தவர்கள் சிரிக்காமல் இருக்க முடியாது. சர்வகலாசாலை மாணவர்களின் பந்தயம் கீழே நடக்கிறது. ஜனங்களோ பாலத்தின்மேல் நிற்க இடம் போதாமல், பாலத்தைத் தாங்கும் இரும்புச் சங்கிலிகளின்மேல் கிளிகளைப் போல் வரிசையாகத் தொத்திக்கொண்டிருக்கிறார்கள்! ஒவ்வொரு தொப்பியையும் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார். ஜனக்கூட்டத்தை மேலேயிருந்து பார்த்தவனுக்கு அது புள்ளிகள். அதற்குள்ளே பிறந்தவனுக்கு அவை முகங்கள். 1911-ல் திடீரென்று கிரீவ்ஸின் சித்திரங்களுக்கு மதிப்பு உண்டாயிற்று. உடனே விஸ்லரின் பக்தர்கள், இவர் குருவைக் காப்பியடித்தவர் என்று கிளம்பினார்கள். மதிப்பு வந்த வேகத்திலே போயிற்று. 1930-ல், தர்ம ஸ்தாபனம் ஒன்றில் அண்டியிருந்த நிலையில், அவர் காலமானார்.

நதிக்கரைக் கிராமத்தான் ஒருவனுக்கு அதிர்ஷ்டம் கிட்டியதும் உண்டு. குக்கம் என்ற தேம்ஸ் கரை ஊரில் 1891-ல் பிறந்த ஸ்டான்லி ஸ்பென்ஸர், 1915-ல் 'அன்னம் பிடித்தல்' என்ற சித்திரத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் தேம்ஸ் நதியின் அன்னங்களைப் பிடித்து, அரசருக்கு இவை, இன்னின்ன வியாபாரச் சங்கத்தாருக்கு இவை என்று அடையாளமிடுவது பழைய சடங்கு. ஸ்பென்ஸரின் சித்திரத்தில் அரசரும் இல்லை, சங்கத்துப் பிரமுகரும் இல்லை. கட்டிய அன்னத்தைத் தூக்கிச் செல்லும் ஆள், படகுத் திண்டுகளைச் சுமந்து செல்லும் பெண்கள் - இவர்களே நடுநாயகம். பாதி தீட்டியபோது யுத்தத்துக்குப் போக நேர்ந்தது. மாஸிடோனியாப் போர்முனையில் இருந்துவிட்டு வந்து, 1919-ல் மீதியை முடித்தார். மற்றவர்கள் படகில் சாய்ந்துகொள்ளும் திண்டுகளை யாரோ ஒருவர் சுமந்து வந்து போட வேண்டும் என்ற சின்ன உண்மை, ஆங்கில நதிச் சித்திரத்தின் நடுவிலே வந்து நிற்பதற்கு இத்தனை காலம் பிடித்தது.

இவ்வளவும் ஆங்கிலேயர் பாடு. நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நமக்கும் இதில் பங்கு உண்டு. தேம்ஸ் கரையிலே செர்ட்ஸி என்ற ஊரில் சத்திரம் நடத்தியவருடைய மகனான தாமஸ் டானியல், தம் சகோதரர் மகன் வில்லியமுடன் 1786-ல் இந்தியாவுக்கு வந்தார். 1792-லும் 1793-லும் தென்னாடெங்கும் சுற்றினார். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையைக் காவேரியிலிருந்து காணும் காட்சியாகத் தீட்டி, அச்சிட்டு, ஆங்கில மாளிகைகளுக்கு அனுப்பினார். மலையும் நீரும் வானமும் மனோகரமாக அமைந்த சித்திரம். மைசூர் யுத்தங்களால் தென்னாடு அலைக்கழிந்து கொண்டிருந்த வருஷங்கள் அவை என்பது அந்த அமைதியான நீரில் தெரிவதில்லை.

அந்த அமைதியை ரஸித்த அதே ஜாதியார், நமது ஜனங்கள் சோம்பேறிகள், உழைக்க மனமில்லாதவர்கள் என்று எத்தனையோ ரிப்போர்ட்டுகளில் எழுதிவைத்தார்கள். இதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தேம்ஸ் நதியில் கனவான் படகில் சாய்ந்திருந்தால் அதற்குப் பெயர் நாகரிகம். வயலில் வேலை முடித்தவன் மரத்தடியில் சாய்ந்தால் அதற்குப் பெயர் சோம்பல். ஹென்லியில் விதி எழுதியவர்கள் தங்கள் நாட்டுத் தொழிலாளியையும் இந்தத் தராசில்தான் நிறுத்தார்கள். ஆகவே இதை வெள்ளையர், கறுப்பர் என்ற ஒரே கணக்கில் முடித்துவிட முடியாது. உழைப்பவனுடைய ஓய்வைக் கண்டு எரிச்சல் படுகிறவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். சுதந்திரம் பெற்ற தேசங்களிலும் இருக்கிறார்கள். வேலைக்காரி ஒரு நாள் வரவில்லை என்றால் நம் வீடுகளில் எழும் பேச்சைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

ஆங்கிலேயரின் நதிச் சித்திரங்களை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அவற்றில் உள்ள அமைதி உண்மையான அமைதி; மனிதர் யாவரும் விரும்பத் தக்க அமைதி. கான்ஸ்டபிளின் நண்பகலும் கிரெகரியின் ஞாயிறும் நமக்குச் சந்தோஷத்தையே தருகின்றன. குழந்தைகளுக்கு அந்தப் படங்களைக் காட்டும்போது, மேகத்தையும் மரத்தையும் காட்டுவதோடு, தூரத்துப் புல்வெளியில் உள்ள புள்ளிகளையும் தொட்டுக் காட்டுவோம். "இவர்கள் யார்?" என்று குழந்தை கேட்கட்டும். புல் அறுத்தவர்கள் என்று பெயர் சொல்லிக் கொடுப்போம். அந்தப் புள்ளிகளில் இருந்தவர்களுடைய பேரன் பேத்திகள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பெறுவதற்குச் சட்டம் மேல் சட்டமாக எவ்வளவு காலம் போராட வேண்டியிருந்தது என்பதையும் கூடவே சொல்லிவைப்போம்.